பெற்றோருக்கு ஒன்லைனில் சிபிரி: வன்னியில் சரிவருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

நெடுங்கேணிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது, நாலாம் ஆண்டு படிக்கிறாள். கொஞ்சக் காலமாகப் பள்ளிக்கூட நாட்களில் விடியவே வயிற்றுக்குத்து. சனி ஞாயிறு வராது. இரவில் மலசலகூடத்துக்குத் தனியப் போகமாட்டாள். நான் பக்கத்தில் படுத்தால்தான் நித்திரை. டொக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை, மனப்பயம் என்றார். மாமி நூல் கட்டுவித்தா. அதில் எனக்கு மனக்குறை இல்லை, ஆனால் பயமும் போகவில்லை.

லண்டனில் இருக்கிற மச்சாள் சொல்கிறா, அங்கே இப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமலே தாய் தகப்பன் போனில் படித்து வீட்டிலேயே செய்கிற முறை இருக்கிறதாம். அறிகை நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிரி (CBT). பிள்ளையை ஒருவரும் பார்க்காமல் எப்படிச் சுகமாகும் என்பதுதான் என் கேள்வி. வவுனியா கிளினிக்குக்குப் போய்வர ஒரு முழுநாள் போய்விடும். இவர் கத்தாரில். கைக்குழந்தையும் இருக்கு.

உளவளத்துணை_கிளி

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் இந்த வேலையில் இருப்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிபிரி 1960களில் அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் வளர்த்தெடுத்த முறை. நாங்கள் நினைப்பது, உணர்வது, உடம்பில் வருவது, செய்வது இந்த நாலும் ஒன்றையொன்று இழுக்கும். உங்கள் மகளுக்கு "அம்மா இல்லாவிட்டால் ஏதோ நடக்கும்" என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் வயிறு குத்துகிறது. குத்தினால் பள்ளிக்கூடம் இல்லை. வீட்டில் நின்றதும் குத்து நின்றுவிடும். அப்போது அவளுடைய மனம் எதைப் படிக்கிறது? "வீட்டில் நின்றபடியால்தான் தப்பினேன்" என்பதை. நாளைக்குப் பயம் இன்னும் கூடும். இந்த வளையத்தை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

பிள்ளை கிழமைக்கு ஒருமணி நேரம் என்னோடு இருப்பாள். மிச்ச நேரம் முழுக்க உங்களோடு. வளையத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். பக்கத்தில் படுப்பது, மலசலகூடத்துக்குக் கூடப்போவது, வயிறு குத்தினால் லீவு எடுப்பிப்பது எல்லாம் அன்பால் செய்வதுதான், ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பயம் அதில் குடியிருக்கப் பழகிவிடும். அதனால்தான் பெற்றோரைப் பழக்குகிறார்கள்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிற்ஸ் குழுவினர் பயப் பிரச்சினை உள்ள 124 பிள்ளைகளின் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் பிள்ளைக்கே சிபிரி. மற்றப் பக்கம் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி, பிள்ளையை அவர்கள் சிகிச்சைக்கு எடுக்கவே இல்லை. முடிவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அது நேரில் நடந்தது. ஒன்லைனுக்கு இங்கிலாந்தில் ஒக்ஸ்போட் குழு செய்தது இருக்கிறது, 2024இல் லான்செற் மனநல இதழில் வந்தது. 5 முதல் 12 வயதுப் பிள்ளைகள், 444 குடும்பங்கள். பெற்றோர் இணையத்தில் பாடம் படிப்பார்கள், சிகிச்சையாளர் இடைக்கிடை கதைப்பார். வழமையான சிகிச்சைக்குக் குறையாத பலன், சிகிச்சையாளர் செலவழித்த நேரமோ நன்றாகக் குறைவு. உங்கள் மச்சாள் சொன்னது இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

மல்லாவி_வாத்தி

மன்னிக்க வேண்டும் அக்கா, நான் எதிர்க்கருத்துச் சொல்லத்தான் வந்தேன்.

சிபிரியில் கேட்கிற பெரிய கேள்வி "நீ நினைப்பதற்கு என்ன ஆதாரம்?" என்பது. ஒக்ஸ்போட்டில் கேட்கலாம். எங்கள் சனத்திடம் கேட்டால் ஆதாரம் கைவசம் இருக்கும். என் வகுப்பில் ஒரு பையனின் தாய், பொழுதுபட்டால் அவனைப் படலைக்கு வெளியே விடமாட்டா. மூத்த பிள்ளையை 2009இல் போரில் பறிகொடுத்தவ. அவவிடம் போய் "உங்கள் எண்ணம் மிகைப்பட்டது" என்று ஒரு போன் சொன்னால் எப்படி இருக்கும்? துணுக்காய்ப் பக்கம் இரவில் யானை. தோட்டக் கிணறுகளுக்குக் கட்டு இல்லை. கண்ணிவெடிப் பலகையை இன்னும் பார்க்கிற ஊர்கள் இருக்கின்றன. லோன்காரர் வருகிற நாளில் தாய் உள்ளே ஒளிந்துகொண்டு பிள்ளையை விட்டு "அம்மா இல்லை" என்று சொல்வித்தால், அந்தப் பிள்ளைக்கு வருகிற பதற்றம் நோயா?

இன்னொன்று. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு எங்கள் வடக்குப் பாடசாலைகளிலேயே செய்தது. 399 பிள்ளைகள். சிபிரியும் விளையாட்டு, நாடகம் போன்றவையும் கலந்த வகுப்பு. குழப்படி குறைந்தது, ஆண்பிள்ளைகளுக்குப் பயமும் குறைந்தது. ஆனால் பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகளில் வகுப்புக்கு வந்தவர்கள் வராதவர்களை விடப் பின்தங்கினார்கள். போர் சார்ந்த நெருக்கடி அன்றாடம் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் பலன். வீட்டில் நெருப்பு அணையாமல் பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால் இதுதான் நடக்கும். இணையத்தில் ஒரு பாடத்தைப் போட்டுவிட்டு "மனநலம் கொடுத்துவிட்டோம்" என்று யாரும் கணக்குக் காட்டக்கூடாது.

உளவளத்துணை_கிளி

மல்லாவித் தம்பி சொன்னதில் பாதிக்கு மேல் நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆய்வை நானும் வாசித்திருக்கிறேன். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வகுப்பறையில் எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுக்காமல் வீட்டுக்குள் போக வேண்டும் என்பது.

"ஆதாரம் என்ன" என்று கேட்பதோடு சிபிரி முடிவதில்லை. அந்தத் தாயிடம் நான் அப்படிக் கேட்கவும் மாட்டேன். அவவுடைய பயத்துக்குக் காரணம் உண்டு, அதை முதலில் வாயால் சொல்வேன். பிறகு கேட்பது வேறு: இந்தப் பயம் இன்றைக்கு உங்களை என்ன செய்விக்கிறது? அதனால் மகனுக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது? உண்மையான ஆபத்துக்கு மனப்பயிற்சி வைத்தியம் இல்லை. யானை வருகிற வீதியில் இரவில் தனியே நடக்க எந்தப் பிள்ளையையும் பழக்கக்கூடாது. கிணற்றுக்குக் கட்டுப் போட வேண்டும். கடனுக்குக் கடன் தீர்க்கிற வழி வேண்டும். இவை போக மிஞ்சும் பயத்தில்தான் நாங்கள் கை வைக்கிறோம்.

நெடுங்கேணித் தங்கச்சியின் மகளையே எடுங்கள். தங்கச்சி, மலசலகூடம் வளவுக்குள் எவ்வளவு தள்ளி? வெளிச்சம் இருக்கா?

நெடுங்கேணிக்காரி

குசினிக்குப் பின்னால், முருங்கையைத் தாண்டி. பல்ப் இல்லை அக்கா. மாரியில் பாம்பும் வரும்.

உளவளத்துணை_கிளி

அப்படியென்றால் முதல் வேலை பல்ப். வழியில் புல்லை வெட்டிவிடுங்கள், ஒரு ரோச் அவளுக்கென்றே வாங்குங்கள். பாம்புக்குப் பயப்படத்தான் வேண்டும், அதை எடுத்துவிடத் தேவையில்லை.

பிறகு படி வைக்க வேண்டும். பகலில் அவள் தனியே போய்வரட்டும், நீங்கள் குசினி வாசலில் நில்லுங்கள். அது அவளுக்குச் சலிக்கும் வரைக்கும் அதே படிதான். அடுத்தது பொழுதுபடுகிற நேரம், நீங்கள் அதே இடத்தில். பிறகு இருட்டில், நீங்கள் பாதிவழியில் நின்று கதைத்துக்கொண்டிருங்கள். பிறகு ரோச் அவள் கையில், நீங்கள் வாசலில், கதைக்காமல். கடைசியாக நீங்கள் விறாந்தையில் இருக்க அவள் போய்வருவாள். அவளே படிகளுக்குப் பெயர் வைக்கட்டும், கலண்டரில் கீறட்டும். ஒரு படியில் அழுதால் ஒரு படி இறங்கி நில்லுங்கள், முழுவதும் கைவிட வேண்டாம்.

சொல்கிற சொல்லும் முக்கியம். "அங்க ஒண்டும் இல்லை, ஏன் பயப்பிடுறாய்" என்றால் அவளுக்குத் தன்னை நம்பவில்லை என்று படும். "ஐயோ பாவம், வா நான் வாறன்" என்றால் தன்னால் ஏலாது என்று படும். இரண்டையும் விட்டுவிட்டு, "உனக்குப் பயமா இருக்கு எண்டு எனக்குத் தெரியும். உன்னால சமாளிக்கவும் ஏலும். நான் வாசல்ல நிக்கிறன்" என்று சொல்லுங்கள். யேல் முறையில் பெற்றோர் பழகுகிற முக்கியமான பேச்சு இதுதான், பயத்தை ஏற்றுக்கொள்வதும் நம்பிக்கை கொடுப்பதும் ஒரே மூச்சில். திரும்பி வந்ததும் "கெட்டிக்காரி" என்று பொதுவாகச் சொல்வதைவிட "இருட்டுக்குள்ள தனிய நடந்து போயிட்டு வந்திட்டாய்" என்று செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

பள்ளிக்கூட வயிற்றுக்குத்துக்கும் இதே வழிதான். வகுப்பு ரீச்சரை ஒருக்கால் கட்டாயம் சந்தியுங்கள். அங்கே யாராவது அடிக்கிறார்களா, பகிடி பண்ணுகிறார்களா, அடுத்த வருடப் புலமைப்பரிசில் சோதினையைச் சொல்லி வெருட்டுகிறார்களா என்று பார்க்காமல் படி ஏற்ற வேண்டாம்.

ஒட்டுசுட்டான்_சோதி

நான் இப்படி ஒரு தமிழ்க் குழுவில் இருந்து முடித்தவள், அதனால் எழுதுகிறேன். என்னுடைய பிரச்சினை வேறு. மகனுக்குப் பதினாலு வயது. போனில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டு, கேட்டால் சத்தம், கதவில் குத்து.

கிழமைக்கு ஒருக்கால் வட்சப்பில் குரல்பதிவு வரும், கேட்டு முடிக்கச் சின்ன நேரம் போதும். பிறகு ஒரு நாள் இரவு ஒரு மிஸ் எடுத்துக் கதைப்பா. எங்கள் வீட்டில் ஒரு போன். பகலில் மகனின் ரியூசன் குறிப்பெல்லாம் அதில்தான், இரவில் இவர் செய்தி பார்ப்பார். சிக்னலுக்கு வேலிக்கரைத் தென்னைக்குக் கீழே நிற்க வேண்டும், அது நல்லதாகவும் போய்விட்டது, வீட்டில் ஒருவருக்கும் கேட்காது.

அவ தந்த முதல் வேலை, சண்டை வருகிற ஒவ்வொரு முறையும் மூன்று விசயம் எழுதுவது: சண்டைக்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நான் என்ன செய்தேன். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அரிசி வாளிக்குள் வைப்பேன். கொஞ்ச நாளில் பார்த்தால் பெரிய சண்டை எல்லாம் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் லோன் கூட்டம். காலையில் இருந்தே எனக்கு நெஞ்சு இடிக்கும், சின்ன விசயத்துக்கும் வாய் போகும், அவன் திருப்பிக் கத்துவான், நான் போனைப் பறிப்பேன். மிஸ் என்னைக் குறை சொல்லவில்லை. "செவ்வாய் உங்களுக்கே பாரமான நாள், அந்த நாளில் புதுச் சட்டம் போட வேண்டாம், போன் நேரத்தை ஞாயிறு ஆறுதலாக இருந்து இரண்டு பேரும் கதைத்து எழுதுங்கோ" என்றா. எழுதினோம். சண்டை முற்றாக நின்றது என்று சொல்லமாட்டேன். கதவில் குத்துவதில்லை. சில செவ்வாயில் அவனே தேத்தண்ணி வைத்துத் தருவான். மல்லாவி அண்ணா சொன்னதுபோல லோன் இன்னும் இருக்கு. ஆனால் அந்தப் பாரம் பிள்ளையில் இறங்குவது குறைந்திருக்கு.

இதற்கு முன்னம் வேறொரு இடத்தில் காசு கட்டிச் சேர்ந்து இடையில் விட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் எடுக்கும், கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும். கமராவைப் போட்டு வீட்டுக்குள்ளே காட்டச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சேர முன்னம் கேளுங்கோ: ஒரே ஆள்தானா கதைப்பது? பதிவு செய்வார்களா? யார் கேட்பார்கள்?

மட்டுறுத்துநர்

சோதியின் கடைசிப் பந்தியை எல்லாரும் கவனிக்கவும். பிள்ளைகளின் பெயர், பாடசாலை, படம் எதையும் இங்கே போட வேண்டாம். தற்கொலை எண்ணம், தன்னைத்தானே வெட்டிக்கொள்வது, வீட்டில் அடி, பாலியல் துன்புறுத்தல் இருந்தால் ஒன்லைன் பாடத்துக்குக் காத்திருக்கக் கூடாது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட ஆஸ்பத்திரிகளில் உளநலப் பிரிவு உண்டு.

முள்ளியவளை_அப்பா

தகப்பன்மாரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். நான் 2009இல் போர் முடிந்த பிறகு தடுப்புமுகாமில் இருந்து வந்தவன். கோயிலில் வெடி கொளுத்தினால் எனக்கு உடம்பு தானாகக் குனியும். மகன் என்னைப் பார்த்துப் பார்த்து, வெடிக்கு முன்னமே என் முகத்தைப் பார்ப்பான். அவனுக்கு அந்தப் பயம் என் முகத்தில் இருந்துதான் தொற்றியது.

என்னுடைய வருத்தத்துக்கு நான் ஆஸ்பத்திரிக்கு நேரே போய்த்தான் மருந்தும் கதையும் எடுத்தேன். அதைப் போனில் செய்ய ஏலாது, செய்யவும் கூடாது, நினைவு கிளம்பினால் பக்கத்தில் ஆள் வேண்டும். மகனுக்கு எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் குரல்பதிவில் படித்தேன், உழவுக்குப் போகிற வழியில் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். திருவிழாவில் நாங்கள் தூரத்தில் நின்று தொடங்கி, ஒவ்வொரு பூசைக்கும் கொஞ்சம் கிட்டப் போனோம். "அப்பாவுக்கும் நெஞ்சு இடிக்குது, கொஞ்சத்தில அடங்கிடும், பார்" என்று சொல்லச் சொல்லித் தந்தார்கள். மறைக்கிறதை விட அது நல்லது.

நெடுங்கேணித் தங்கச்சி, கத்தாரில் இருக்கிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. நீங்கள் படி வைத்துக்கொண்டுவர, அவர் ஐமோவில் வந்து "ஏன் பிள்ளையை அழவிடுறாய்" என்றால் எல்லாம் போச்சு.

நெடுங்கேணிக்காரி

இவரை விட மாமிதான் அண்ணா. பிள்ளை சிணுங்கினால் ஓடிவந்து தூக்கிவிடுவா. நான் மறித்தால் கல்நெஞ்சுக்காரி என்கிறா.

உளவளத்துணை_கிளி

மாமியை எதிர்த்துக்கொண்டு இதைச் செய்ய ஏலாது. அடுத்த அழைப்பில் போனை ஸ்பீக்கரில் போட்டு அவவையும் இருத்துங்கோ. வயதுபோனவர்களிடம் நான் பாடம் நடத்துவதில்லை, "இடம்பெயர்ந்த காலத்தில் பிள்ளையளை எப்படித் தேற்றினீங்கள் அம்மா?" என்று கேட்பேன். கிபிர் போர்விமானம் இரைகிற நேரத்தில் பங்கருக்குள் தேவாரம் பாட வைத்தோம், எண்ண வைத்தோம், கை பிடித்தோம் என்று சொல்வார்கள். மூச்சை மெல்ல விடப் பழக்குவதும் கவனத்தைத் திருப்புவதும் அதற்குள் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, "அப்ப பங்கர் தேவைப்பட்டது, இப்ப பிள்ளை வெளியில வரவேணும், நீங்கள் விறாந்தையில இருந்து பாடுங்கோ" என்றால் அவவுக்கும் ஒரு பொறுப்புக் கிடைக்கும். தூக்குகிற கை தானாகக் குறையும்.

மிட்வைஃப்_அக்கா

நான் குடும்பநல மாது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தாய்மாருக்கு வருகிற மனச்சோர்வைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். கைக்குழந்தையோடு தனிய நிற்கிற தங்கச்சி, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாகிஸ்தானில் கிராமத்துச் சுகாதாரப் பெண்களைக் கொண்டே சிபிரி அடிப்படையிலான ஒரு முறையை மனச்சோர்வுள்ள 903 தாய்மாருக்குச் செய்தார்கள், 2008இல் லான்செற்றில் வந்தது. ஆறு மாதத்தில் அந்தத் தாய்மாரில் 23 வீதம் பேருக்குத்தான் சோர்வு மிஞ்சியிருந்தது, மற்றத் தொகுதியில் 53 வீதம். செய்தவர்கள் டொக்டர்கள் இல்லை, எங்களைப் போல வீடு வீடாகப் போகிறவர்கள். உலக சுகாதார நிறுவனமே பிறகு அதைக் கைநூலாக்கியது.

எங்களுக்கு வேலை ஏற்கெனவே தலைக்கு மேல், அது உண்மை. ஆனால் படலையைத் திறந்து உள்ளே போக எங்களுக்கு அனுமதி கேட்கத் தேவையில்லை. நாங்கள் வந்தால் "அந்த வீட்டில் மூளைப்பிழை" என்று ஊர் கதைக்காது, நிறை பார்க்க வந்தா என்றுதான் நினைக்கும். தாய்க்குத் தனக்கே எழும்ப மனமில்லாதபோது பிள்ளைக்குப் படி வைக்கச் சொல்வது நியாயமில்லை. முதலில் தாயைக் கேளுங்கள்.

பரந்தன்_ரொறன்ரோ

மேலே எல்லாரும் சொன்னதில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது, மறுபக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். லெபனானில் சிரிய அகதிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் போன் வழியாகச் செய்த திட்டமும் அதே மாதிரிதான். படக்கதை போல ஐந்து பாடம், நிபுணரல்லாத பயிற்றப்பட்ட ஒருவர் கிழமைக்குப் பதினைந்து நிமிடம் வரை கதைப்பார். மனச்சோர்வு குறைந்தது. ஆளே இல்லாத செயலிகளைத் தொடங்குகிறவர்களில் பெரும்பகுதி பாதியில் விட்டுவிடுகிறார்கள். இங்கே கனடாவில் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எல்லாம் இருக்கு, தாய்மாருக்குத் தமிழில் ஒன்றும் இல்லை என்ற நிலைதான் நான் பார்க்கிற குடும்பங்களில்.

புலம்பெயர்ந்த அமைப்புகளிடம் ஒன்று கேட்கிறேன். இனியும் செயலி செய்யக் காசு சேர்க்க வேண்டாம். கதைக்கிற ஆட்களின் சம்பளத்துக்கும் அவர்களை மேற்பார்க்கிற ஒரு டொக்டரின் நேரத்துக்கும், தாய்மாரின் டேட்டாவுக்கும் கொடுங்கள்.

மல்லாவி_வாத்தி

டேட்டாவும் ஆளும் என்றால் நானும் வருகிறேன். என் எதிர்ப்பு, பாடத்தை அனுப்பிவிட்டுக் கை கழுவுவதற்குத்தான். எங்கள் பாடசாலையில் சனிக்கிழமை ஒரு அறை சும்மா கிடக்கிறது, இணைய இணைப்பு உண்டு. அதிபரிடம் கேட்டுத் திறக்கலாம். போன் இல்லாத தாய்மார் வந்து கேட்கட்டும். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் அக்கா.

உளவளத்துணை_கிளி

நல்லது தம்பி. வாசலில் "மனநலம்" என்று பலகை போடாதீர்கள், "பெற்றோர் வகுப்பு" போதும். வரவுப் பதிவேட்டில் பிரச்சினை எழுதக்கூடாது, பெயர் மட்டும். ஒவ்வொருவருக்கும் ஈயர்போன் வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் தாய்மார் இரண்டாம் கிழமை வரமாட்டார்கள். பிறகு தனியே கதைக்கிறது என் பொறுப்பு, ஆனால் கிழமைக்கு ஆறு குடும்பத்துக்கு மேல் என்னால் ஒழுங்காகச் செய்ய ஏலாது, அதை முதலே சொல்லிவிடுங்கள். மிட்வைஃப் அக்கா, முதல் ஆறு பேரை நீங்கள் தெரிவு செய்து தருவீர்களா? லோன் கூட்டம் எந்த நாள் என்றும் கேட்டு வையுங்கோ.